நரகத்துக்கு அஞ்சிய அர்ச்சிஷ்டவர்



நாம் சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்த சத்தியங்களுள், நரகத்தைப்பற்றிய சத்தியத்தைப்போல் மனதுக்குக் கசப்பானது வேறொன்றில்லை. மோட்சத்தைப்பற்றிப் பிரசங்கம் நடந்தால் முகம் மலர்ந்து கேட்கிறோம். நரகத்தைப்பற்றிப் பேச்செடுத்தாலோ, சிலர் நகைத்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுகிறார்கள். வேறு சிலர் நடுங்கி, தாங்கள் எப்படியும் கெட்டுப்போவோம் என்று எண்ணி, இரவில் தூக்கமின்றித் தவிக்கிறார்கள். ஒரே வீட்டில் இந்த இரண்டு விதமானவர்களும் இருக்கக்கூடும். நகைக்கிறவனுக்கும் நடுங்குகிறவனுக்கும் ஒருங்கே புத்திசொல்லத்தக்க ஒரு சரித்திரத்தை இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறோம்.

அது அர்ச். பிரான்சிஸ்கு சலேசியாருடைய சரித்திரம். இவருடைய நாமத்தையே அர்ச். தொன் போஸ்கோ 1859-ம் ஆண்டில் தாம் ஸ்தாபித்த சபைக்கு இட்டார். அந்தச் சபையார் 1906-ம் ஆண்டில் தஞ்சாவூருக்கு வந்தது முதல், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சலேசியார் பள்ளிக்கூடங்களில் படித்து வளர்ந்திருக்கிறார்கள். சாந்தகுணத்துக்குப் பேர்போனவர் என்று இவரை எல்லாரும் அறிவார்கள். ஆனால் இந்தச் சாந்தகுணமுள்ள அர்ச்சிஷ்டவர், தமது பத்தொன்பதாம் வயதில், தாம் நித்திய நரகத்துக்கென்று குறிக்கப்பட்டவர் என்று நம்பி, சாகும் நிலைக்கு வந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

பிறப்பும் படிப்பும்

சவோய் என்னும் நாட்டில், அன்னசி நகருக்குச் சமீபத்திலுள்ள தோரன்ஸ் என்ற ஊரில், சலேஸ் கோட்டையில், 1567-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி பிரான்சிஸ்கு பிறந்தார். அந்த இடம் இப்போது பிரான்சு தேசத்தைச் சேர்ந்தது. தகப்பனார் பெரிய பிரபு. மூத்த மகன் சட்டம் படித்து, அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். தாயாரோ பக்தியுள்ள பெண்மணி. மகனுக்குத் தகப்பனாரிடமிருந்து கம்பீரமும் தாயாரிடமிருந்து தேவபக்தியும் வந்தன.

படிப்புக்காக அவரைப் பாரீஸ் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே சேசுசபைக் குருக்கள் நடத்திய கிளேர்மோன் கல்லூரியில் சேர்ந்தார். இலக்கியமும் தத்துவ சாஸ்திரமும் பயின்றதோடு, வேதசாஸ்திர விரிவுரைகளையும் ஆவலோடு கேட்டுவந்தார். ஒழுக்கத்தில் குறை சொல்ல இடமில்லாத மாணவன். அடிக்கடி நற்கருணை உட்கொள்ளுவார்; தேவமாதாவின்மேல் பிள்ளைக்குரிய பட்சம் வைத்திருந்தார். இப்படிப்பட்ட பிள்ளைக்கா நரகபயம் வந்தது என்று கேட்பீர்கள். ஆம், இப்படிப்பட்ட பிள்ளைக்கே வந்தது.

ஆறு வார வேதனை

அந்நாட்களில் பாரீஸ் மாணவர்கள் ஓயாமல் வாதாடிய கேள்வி ஒன்று உண்டு. யார் மோட்சம் சேருவார், யார் நரகத்தில் விழுவார் என்பது சர்வேசுரனுக்கு ஆதிமுதல் தெரியுமே. அப்படியானால் அது முன்னமே தீர்மானிக்கப்பட்டதுதானா என்பது அந்தக் கேள்வி. பிரான்சிஸ்கு பிறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்குமுன், 1564-ல், ஜெனீவாவில் இறந்த கல்வீன் என்பவர், சர்வேசுரன் தமது சித்தத்தினாலேயே சிலரை நித்திய சீவியத்துக்கும் சிலரை நித்திய ஆக்கினைக்கும் குறித்துவிட்டார் என்று போதித்திருந்தார். கத்தோலிக்க சாஸ்திரிகள் இதை மறுத்தார்கள். ஆயினும் அர்ச். அகுஸ்தீனும் அர்ச். தோமாஸ் அக்குவீனாசும் இதைப்பற்றி எழுதியவற்றுக்குக் கடினமான பொருள் சொன்னவர்கள் கத்தோலிக்கரிலும் இருந்தார்கள்.

நம் ஊர்களில் தலையெழுத்து என்று சொல்லுகிறோமே, கிட்டத்தட்ட அப்படிப்பட்ட எண்ணமே பிரான்சிஸ்குவின் மனதில் நுழைந்தது. சர்வேசுரன் தம்மை நரகத்துக்கென்று எழுதிவிட்டிருந்தால், தமது ஜெபமும் தபசும் என்ன பிரயோஜனம் என்ற எண்ணம் 1586-ம் ஆண்டின் கடைசியில் அவரைப் பிடித்தது. பிடித்தது விடவில்லை. ஏறக்குறைய ஆறு வாரம் இந்த வேதனை நீடித்தது. உணவு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, தேகம் மெலிந்து நிறம் மாறிற்று. அவரைக் கவனிக்கும்படி கூட இருந்த ஆசிரியர், என்ன நோய் என்று அறியாமல் கலங்கினார்.

இங்கே, அன்பர்களே, ஒரு காரியத்தை நன்றாய்க் கவனியுங்கள். அந்த வாலிபனை வாட்டியது எது? நரக நெருப்பா? புழுவா? இருளா? அவற்றுக்கும் அவர் அஞ்சியிருக்கலாம். ஆனால் அவருடைய இருதயத்தைப் பிளந்தது வேறு. நரகத்தில் சர்வேசுரனை நேசிக்க முடியாதே, தேவமாதாவின் திருமுகத்தைக் காணமுடியாதே என்ற நினைவே அவரால் தாங்கமுடியாததாயிருந்தது. ஆகையால் அவர் செய்த ஜெபமும் ஆச்சரியமான ஜெபம். மறுமையில் தேவரீரை நேசிக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லையானால், இந்த உலகத்தில் இருக்கும் நாளெல்லாமாவது முழு மனதோடு நேசிக்கும் வரத்தைத் தந்தருளும் என்ற கருத்தில் மன்றாடினார்.

1587-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள், கல்லூரியிலிருந்து திரும்புகையில், அர்ச். முடியப்பர் கோவிலுக்குள் நுழைந்தார். அங்கே கறுப்பு நிறமான தேவமாதா சுரூபம் ஒன்று இருந்தது. நல்ல விடுதலை தரும் மாதா என்று ஜனங்கள் அழைப்பார்கள். அதனருகே ஒரு பலகையில், அர்ச். பெர்நார்துவின் பெயரால் வழங்கும் ஜெபம், இன்றும் நம் வீடுகளில் இரக்கமுள்ள தாயை நோக்கிச் சொல்லும் அந்த ஜெபம், எழுதப்பட்டிருந்தது. முழங்காலிலிருந்து அதைச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்திருக்கையில், குஷ்டரோகியின் தேகத்திலிருந்து செதில்கள் உதிர்ந்து விழுவதுபோல், அந்த வேதனை முழுதும் அவரைவிட்டு நீங்கிற்று. அந்தக் கோவில் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அழிந்துபோயிற்று. ஆனால் சுரூபம் காப்பாற்றப்பட்டு, பாரீசுக்கு அடுத்த நெயி என்னும் ஊரில், கன்னியர் மடத்துக் கோவிலில் இருக்கிறது.

பதுவையில் கிடைத்த தெளிவு

மனதுக்கு ஆறுதல் கிடைத்தது. புத்திக்கு விடை கிடைக்கவில்லை. 1588-ல் சட்டம் படிக்க, நமக்கெல்லாம் அர்ச். அந்தோனியாரால் பழக்கமான பதுவை நகருக்குப் போனார். அங்கே சேசுசபையைச் சேர்ந்த அந்தோனியோ பொசெவீனோ சுவாமியார் அவருக்கு ஞான வழிகாட்டியாயிருந்தார். அங்கே அந்தப் பழைய கேள்வி திரும்பவும் வந்தது. இந்த முறை அவர் ஓடவில்லை, உட்கார்ந்து படித்தார். அர்ச். அகுஸ்தீனையும் அர்ச். தோமாசையும் மிகுந்த வணக்கத்தோடு வாசித்தார். வாசித்தபின், அவர்களுடைய பாதத்தில் விழுந்து வணங்குகிறவனைப்போல் தாழ்ச்சியோடு, அவர்களுடையது என்று சொல்லப்பட்ட கடினமான கருத்தை விட்டு, சர்வேசுரன் எல்லா மனிதரும் இரட்சணியம் அடைய விரும்புகிறார் என்ற வேதவாக்கியத்தின்மேல் நின்றுகொண்டார். ஆண்டவருக்குச் சேசு, அதாவது இரட்சகர், என்று பெயர். ஆக்கினையிடுகிறவர் என்று பெயரில்லை என்பதை நினைத்துத் தேறினார்.

இது அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1547-ம் ஆண்டிலேயே, தீமைக்கென்று சர்வேசுரனால் முன்குறிக்கப்பட்டவர்கள் உண்டென்ற போதகத்தைக் கண்டித்திருந்தது. 1992-ம் ஆண்டில் 2-ம் அருள் சின்னப்பர் பாப்பானவர் வெளியிட்ட ஞானோபதேச நூலும், சர்வேசுரன் ஒருவரையும் நரகத்துக்கென்று முன்குறிக்கவில்லை என்று தெளிவாய்ப் போதிக்கிறது. சாவான பாவத்தில் மனம்பொருந்தி விழுந்து, கடைசிவரையில் அதில் நிலைத்திருக்கிறவனே அங்கே போகிறான்.

அப்படியானால் சர்வேசுரனுக்கு எல்லாம் முன்னமே தெரியுமே என்பீர்கள். ஒரு குன்றின்மேல் நிற்கிறவன், கீழே இரண்டு பாதைகளில் ஒன்றின் வழியாய் ஒரு வண்டி பள்ளத்தை நோக்கிப் போகிறதைப் பார்க்கிறான். அவன் பார்க்கிறதனால் வண்டி அந்தப் பாதையில் போகவில்லை. வண்டிக்காரன் திருப்பினதனால் போகிறது. இந்த உவமை சர்வேசுரனுக்கு முற்றும் பொருந்தாது. ஏனெனில் அவர் குன்றின்மேல் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறவர் அல்ல. இறங்கிவந்து, வழியை மறித்து, கூப்பிட்டு, தமது சொந்த இரத்தத்தையே சிந்தினவர். தலையெழுத்து என்று சொல்லுகிறவன் இதை மறந்துபோகிறான்.

பதுவையிலேயே பிரான்சிஸ்கு கடுமையான காய்ச்சலால் மரணத்தறுவாயை அடைந்தார். பாரீசில் நரகத்தை நினைத்து உருகிப்போன அதே மனிதர், இப்போது அமைதியோடு கடைசித் தேவதிரவிய அநுமானங்களைப் பெற்றார். அந்நகரத்து வைத்திய மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்குப் பிணம் கிடைக்காமல், கல்லறைகளைத் தோண்டிச் சண்டையிட்டு வந்தார்கள். ஆகையால் தமது உடலை அவர்களுக்குக் கொடுத்துவிடும்படி ஆசிரியரிடம் சொன்னார் என்று சரிதைகாரர் எழுதுகிறார்கள். ஆனால் அவர் பிழைத்து எழுந்தார். 1591-ல் சட்டத்தில் பட்டம் பெற்றார்.

மேய்ப்பரின் வேலை

தகப்பனார் விரும்பிய பதவிகளை விட்டு, 1593-ம் ஆண்டு டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். மறுவருஷமே, ஜெனீவா ஏரிக்குத் தெற்கேயுள்ள ஷாப்லே நாட்டுக்கு வேதபோதகராய்ப் போனார். அந்த நாட்டார் 1536 முதல் கத்தோலிக்க சபையைவிட்டுப் பிரிந்திருந்தார்கள். அவருடைய பிரசங்கத்தைக் கேட்க ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே வந்தார்கள். ஆகையால் சத்தியங்களைச் சிறு காகிதங்களில் எழுதி, வீட்டுக் கதவுகளின் கீழே நுழைத்துவைத்தார். நான்கு வருஷத்துக்குள் அந்த நாட்டின் பெரும்பகுதி திருச்சபைக்குத் திரும்பிற்று.

1597-ல், எட்டாம் கிளமெந்து பாப்பானவரின் விருப்பப்படி, கல்வீனுக்குப்பின் ஜெனீவாவில் தலைமை வகித்த தெயோதோர் பேசா என்னும் முதியவரை இரகசியமாய்ச் சந்தித்தார். அவரிடம் கேட்ட முதல் கேள்வி, கத்தோலிக்க சபையில் இருந்துகொண்டு ஒருவன் இரட்சணியம் அடையலாமா என்பதே. பேசா நெடுநேரம் யோசித்தபின், அடையலாம் என்று ஒப்புக்கொண்டதாகச் சரிதைகள் கூறுகின்றன. பேசா மனந்திரும்பவில்லை. ஆனால் அந்தச் சந்திப்புகளில் பிரான்சிஸ்கு அவரை ஒருபோதும் நரகத்தைக் காட்டி மிரட்டவில்லை.

1602-ல் ஜெனீவா மேற்றிராணியாராய் அபிஷேகம் பெற்றார். அந்நகரில் வசிக்க இடமில்லாததால் அன்னசியில் இருந்தே மந்தையை மேய்த்தார். அர்ச். ஷாந்தால் அம்மாளோடு சேர்ந்து, 1610-ல் மினவுதல் கன்னியர் சபையை ஏற்படுத்தினார்.

அவருடைய சிநேகிதரான காமு என்னும் மேற்றிராணியார் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். மரணத்தீர்ப்புப் பெற்ற ஒரு குற்றவாளி, தான் பிசாசின் சொத்தென்றும், தனக்கு நரகமே நிச்சயம் என்றும் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்ய மறுத்தான். பிரான்சிஸ்கு அவனிடம் போய், பிசாசுக்குச் சொந்தமாவதைவிட சர்வேசுரனுக்குச் சொந்தமாயிருக்க உனக்கு விருப்பமில்லையா என்ற பொருள்பட மெதுவாய்க் கேட்டார். விருப்பந்தான், ஆனால் என்னைப்போன்றவனை அவர் ஏற்கமாட்டார் என்றான் அவன். உன்னைப்போன்றவர்களுக்காகவே அவர் வந்தார் என்று விளக்கி, சிறிது சிறிதாய் அவனை நம்பிக்கைக்குக் கொண்டுவந்தார். அவன் பாவசங்கீர்த்தனம் செய்து நல்ல மரணம் அடைந்தான். பாரீசில் பட்ட ஆறு வார வேதனை வீணாய்ப்போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

நரகத்தைப்பற்றி அவர் போதித்தது

அவர் இவ்வளவு இளகிய மனமுள்ளவராயிருந்ததால் நரகத்தை மறைத்துப் பேசினார் என்று எண்ணவேண்டாம். பக்தியுள்ள சீவியத்தைப்பற்றி 1609-ல் அவர் வெளியிட்ட பேர்பெற்ற நூலில், சம்சாரிகளும் தியானிக்கும்படி பத்துத் தியானங்களை அமைத்தார். அவற்றுள் ஏழாவது நரகத்தின்மேல். அதில் ஐம்புலன்களின் வேதனையைச் சொல்லுகிறார். அதைவிடப் பெரிய வேதனை சர்வேசுரனுடைய மகிமையை இழப்பது என்றும் சொல்லுகிறார். அப்சலோம் நாடுகடத்தப்பட்டதைவிட, தன் தகப்பனாகிய தாவீதின் முகத்தைக் காணாமலிருந்ததே தனக்குப் பெரிய துன்பமென்று கண்டானே, அப்படியிருக்க சர்வேசுரனுடைய திருமுகத்தை என்றென்றைக்கும் இழப்பது எப்படிப்பட்டது என்று யோசிக்கச் செய்கிறார். பாரீசில் அவரே அநுபவித்துத் தெரிந்துகொண்ட பாடம் அல்லவா இது?

இந்த ஆக்கினை ஏன் முடிவில்லாதது என்று நம்மில் பலர் கேட்கிறோம். சர்வேசுரனுடைய இரக்கம் வற்றிப்போவதால் அல்ல. மனிதன் திரும்புவதற்குக் கொடுக்கப்பட்ட காலம் இந்தச் சீவியகாலம். மரணத்தோடு அந்தக் காலம் முடிகிறது. அவன் எதைத் தெரிந்துகொண்டானோ அதிலேயே நிலைக்கிறான். வெளிச்சம் வேண்டாமென்று கண்ணை மூடிக்கொண்டவன் இருட்டில் இருப்பதற்குச் சூரியனைக் குறைசொல்லலாகாது.

நரகத்தைத் தியானித்தவுடன் வாசகனை அங்கே விட்டுவிட்டு அவர் போகவில்லை. எட்டாவது தியானம் மோட்சத்தின்மேல். ஒன்பதாவது தியானத்தில், நீங்கள் ஒரு வெளியான இடத்தில் உங்கள் காவல் சம்மனசோடு தனியே நிற்பதாகவும், மேலே மோட்சமும் கீழே நரகமும் திறந்திருப்பதாகவும் எண்ணச் சொல்லுகிறார். இரண்டும் மெய்யாகவே திறந்திருக்கின்றன. எதைத் தெரிந்துகொள்ளுகிறாய் என்பதே கேள்வி. பத்தொன்பது வயதில், தமக்காக வேறொருவர் முன்னமே தீர்த்துவிட்டார் என்று எண்ணி மாண்டுபோக இருந்தவர், நாற்பத்திரண்டு வயதில், தீர்மானம் உன் கையில் இருக்கிறது, சர்வேசுரனோ உன் பக்கத்தில் இருக்கிறார் என்று உலகத்துக்குக் கற்பித்தார்.

1622-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாளில், லியோன் நகரில், மினவுதல் மடத்துத் தோட்டக்காரனுடைய சிறு வீட்டில் சமாதானமாய் மரித்தார். 1665-ல் அர்ச்சிஷ்டப்பட்டம் பெற்றார். 1877-ல் 9-ம் பத்திநாதர் பாப்பானவர் அவரைத் திருச்சபையின் வேதபாரகர் என்று அறிக்கையிட்டார். 1923-ல் 11-ம் பத்திநாதர் பாப்பானவர் கத்தோலிக்க எழுத்தாளர்களுக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அவருடைய திருநாள் ஜனவரி 24.

நமக்குப் புத்திமதி

நரகத்தை நினைத்து நகைக்கிறவர்களே, ஒரு வேதபாரகர் அதை எவ்வளவு மெய்யென்று கொண்டார் என்று பாருங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாவசங்கீர்த்தனத்தைத் தள்ளிப்போடுகிறவன், வண்டியைப் பள்ளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

நடுங்குகிறவர்களே, உங்கள் நடுக்கத்தைச் சர்வேசுரன் தந்த தீர்ப்பென்று எண்ணவேண்டாம். அவரை இழந்துபோவோமோ என்று ஏங்குகிற ஆத்துமம் அவரை நேசிக்கிற ஆத்துமம். மனதை அடைத்துக்கொண்டு தனியே தவிக்காமல், குருவானவரிடம் சொல்லுங்கள். உணவும் தூக்கமும் கெட்டால் வீட்டாரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை காரணம் சொல்லாமல் மெலிந்து, ஒதுங்கி, சாப்பிடாமல் இருந்தால், பெற்றோரே, கடிந்துகொள்வதற்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னும் ஒன்று. குடித்துச் செத்தவன், திடீரென்று செத்தவன், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவன், கோவிலுக்கு வராமலே செத்தவன் என்று சாவு வீடுகளில் நாம் பேசுகிற பேச்சு உண்டு. இவன் எங்கே போயிருப்பான் என்று தெரியாதா என்று வாய்கூசாமல் சொல்லுகிறோம். திருச்சபை எத்தனையோ பேரை மோட்சத்தில் இருக்கிறார்கள் என்று அறிக்கையிட்டிருக்கிறது. ஒருவரையாவது பெயர்சொல்லி நரகத்தில் இருக்கிறார் என்று அறிக்கையிட்டதில்லை. திருச்சபை சொல்லாததைச் சொல்ல நாம் யார்? அந்தத் தாயும் மனைவியும் பிள்ளைகளும் அதைக் கேட்டு எப்படித் தாங்குவார்கள்? கடைசி மூச்சில் சர்வேசுரனுக்கும் அந்த ஆத்துமத்துக்கும் நடுவில் நடந்தது நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது, மரித்த ஆத்துமங்களுக்காக வேண்டிக்கொள்ளுவது நம் கடமை என்பதே.

ஆகையால், இன்று இரவு குடும்ப ஜெபத்தின் முடிவில், பிரான்சிஸ்கு பாரீஸ் கோவிலில் முழங்காலிலிருந்து சொன்ன அந்த இரக்கமுள்ள தாயின் ஜெபத்தை எல்லாருமாய்ச் சேர்ந்து சொல்லுங்கள். நம்பிக்கையை இழந்திருக்கிற ஒருவருக்காக, அவர் பெயரை மனதில் நினைத்து, அதை ஒப்புக்கொடுங்கள்.